மூன்றாவது திருப்பம்

மாலை ஆறே கால். பெரிய பூங்காவில் ஏரியைத் தாண்டிப் போகும் ஒற்றைப் பாதை. படகுகளைக் கட்டிவிட்டார்கள். பொம்மை ரயில் கொட்டகைக்குப் போய்விட்டது... ஈ காக்கை இல்லை. அந்தப் பாதை முடியும் இடத்தில்தான் எங்கள் எலக்ட்ரீஷியனுடைய மாமனாருக்கு வேலை. எலக்ட்ரீஷியன் வாயாலேயே கேட்டது இது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

ஒரு காலத்தில் யாரோ சீமான் வேட்டையாடிய காடு அது. பிறகு குதிரைப் பந்தயத் திடல், அதற்கப்புறம் பூங்கா. கண்ணாடி மாளிகை, ரோஜாத் தோட்டம் எல்லாம் இருந்தும் கூட்டம் முண்டியடித்தது புதிர்ப்பாதைக்குத்தான். ஆள் உயரத்துக்கும் மேலே செடிவேலிகள், வளைந்து வளைந்து போகும். உள்ளே போவது சுலபம். வெளியே வர வழி சொல்லத்தான் நடுவில் ஓர் இரும்பு மேடை, அதன்மேல் கையில் மைக்கோடு மாமனார். முதலில் 'கிர்ர்' என்று ஓர் இரைச்சல் வரும். அப்புறம் அவர் குரல்: லெஃப்டு... ரைட்டு... எல்லோரும் அவரை ரைட்டு மாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

மனுஷனுக்கு ஒரு கெட்ட புத்தி. கேட்டவுடன் சரியான வழி சொல்லமாட்டார். நாலு சுற்று சுற்றவிட்டு, திணறுவதை மேலிருந்து ரசித்துவிட்டுத்தான் விடுவார். மயக்கம் வருகிறது, நெஞ்சு வலிக்கிறது என்று ஆளுக்கொரு சாக்கு சொல்வார்களாம். வெளியே வந்ததும் சிரித்துக்கொண்டே ஐஸ்கிரீம் தின்னப் போவார்களாம். அதனால் கெஞ்சுகிறவர்களுக்கு இரண்டு சுற்று கூடுதல்.

அன்று கடைசியாக உள்ளே இருந்தது ஒரு பெண்ணும் அவளுடைய ஐந்து வயது மகளும்.

"அண்ணே, புள்ளைக்கு இழுப்பு வந்துடுச்சு. மூச்சுக்கு அடிக்கிற பம்ப்பு கார்ல இருக்கு. சீக்கிரம் வழி சொல்லுங்க."

கிர்ர்... "எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க. லெஃப்டு திரும்பு."

திரும்பினாள். எதிரே வேலி. வந்த வழியே ஓடினாள். மறுபடியும் லெஃப்டு, மறுபடியும் வேலி. மூன்றாவது தடவை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள்... அந்தக் குட்டிக் கால்கள் உதைப்பதை நிறுத்தியது மேடையிலிருந்து நன்றாகவே தெரிந்தது. அப்போதுதான் சரியான வழியைச் சொன்னார்.

குழந்தை பிழைக்கவில்லை. விசாரணையில் கூசாமல் பேசினார். தான் சரியாகத்தான் சொன்னாராம், அந்தம்மாதான் பதட்டத்தில் தப்பாகத் திரும்பிவிட்டாளாம். அதிகாரிகள் நம்பினார்கள். கொடுமை என்னவென்றால், அவளும் நம்பிவிட்டாள்.

அடுத்த வாரம் அதே ஆறே காலுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு தனியாக உள்ளே வந்தாள். மேடையை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"எந்த இடத்துலண்ணே நான் தப்பாத் திரும்பினேன்?"

அவர் யோசிக்கக்கூட இல்லை. "மூணாவது திருப்பத்துல."

அதிலிருந்து தினமும் வந்தாள். மூன்றாவது திருப்பத்தில் நின்று அழுவாள், போய்விடுவாள். இரண்டு மாதம்... ஒரே ஒரு உண்மை சொல்லியிருந்தால் அவள் பாரம் இறங்கியிருக்கும். வேலை போய்விடுமே என்று அவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் அவள் வரவில்லை. மறுநாள் பேப்பரில் ஒரு மூலையில் சின்னதாக அவள் படம் போட்டிருந்தார்கள்.

அவர் நிம்மதியாக ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வந்தார். இரண்டே அறை உள்ள வீடு. ஒரு மாலை தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனவர் ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. மகள் போய்ப் பார்த்தால், நடையில் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறார். இடது பக்கம் திரும்புகிறார், சுவரில் முட்டுகிறார், திரும்பி வருகிறார், மறுபடி இடது பக்கம்... நெற்றியில் ரத்தம். வீடெங்கும் அப்போதுதான் வெட்டிய ஈர இலை வாசனை. கையைப் பிடித்து இழுத்தால் உதறிவிடுகிறார், வழி சொல்கிறார்கள், பேசாதே என்கிறார். வயசாகிவிட்டது என்றார் டாக்டர். தினமும் அதே ஆறே காலுக்கா வயசாகும்?

போன வாரம் எலக்ட்ரீஷியனே பக்கத்தில் இருந்திருக்கிறான். கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"மூச்சு முட்டுதும்மா... நான்தான் பொய் சொன்னேன். நீ சரியாத்தான் திரும்பின. வெளிய விட்டுடு."

அப்புறம் மேலேயிருந்து... கிர்ர்...

ஒரு பெண் குரல். கோபமே இல்லையாம் அதில்.

"எல்லாரும் இதைத்தாண்ணே சொல்றாங்க. லெஃப்டு திரும்புங்க."