காட்டு இலைப் பால்

— இஞ்சேருங்கோ, கண்ணை மூடாதையுங்கோ. உங்களோடை ரெஸ்ரோறன்ற் குசினியிலை வேலை செய்யிற நோரா என்ன இலை எண்டு சொன்னவ?

— பெயர் ஆருக்குத் தெரியும்? நான் இருமுறதைக் கேட்டிட்டுச் சொன்னவ. அயர்லாந்திலை அவையின்ரை ஊரிலை காட்டிலை முளைக்கிறதாம். பெரிய இலை, பஞ்சு மாதிரி மயிர். பாலிலை அவிச்சுக் குடிச்சால் நெஞ்சுச் சளி கரையுமாம்.

— நீங்கள் எங்கை பிடுங்கினியள்?

— பரிசுக்கு வெளியிலை, ஆர்ஜொந்தெய்க்கு அங்காலை, காட்டுக்கை. ஞாயிற்றுக்கிழமை போனனான். கஜானி, லைற்றை ஏன் மஞ்சளா மாத்தினனீர்?

— லைற் போடேல்லையப்பா. பகல். அது யன்னல் வெளிச்சம்.

— எல்லாம் மஞ்சளாக் கிடக்கு. உம்மடை முகமும்.

— ஐயோ... மிஞ்சின இலையைப் படம் எடுத்து நோராவுக்கு அனுப்பினனான். இப்பத்தான் போன் எடுத்துக் கத்துறா.

— என்னவாம்?

— இது அந்த இலை இல்லையாம். பூக்க முதல் ரெண்டும் ஒரே மாதிரித்தானாம். இது ஊதாப் பூ, மணி மாதிரித் தொங்குமாம். நெஞ்சையே நிப்பாட்டிப் போடுமாம்.

— சத்தி எடுத்திட்டன்தானே. எல்லாம் வெளியிலை போயிருக்கும்.

— கையைத் தாங்கோ. பாருங்கோ, நாடி அடிக்குது, நிக்குது, பிறகு அடிக்குது. நான் அம்புலன்சுக்கு அடிக்கிறன்.

— வேண்டாம்! வந்தவுடனை விசாப் பேப்பர் கேப்பினம். அகதிக் கேஸ் ரிஜெக்ட் ஆகிக் கிடக்கு. போன மாசம் லா சப்பல் மெத்ரோ ஸ்ரேசன் வாசலிலை பொலிஸ் தவசீலனைப் பிடிச்சு ஊருக்கு ஏத்தினவங்கள். மறந்திட்டீரோ?

— அவர் உயிரோடை போனவர்.

— கெஞ்சிக் கேக்கிறன், கஜானி. கொஞ்சம் பொறும். படுத்தெழும்பினால் சரிவரும்.

— உங்களுக்கு நாக்கே புரளுதில்லை. இதிலை என்னத்தைப் பொறுக்கிறது? வாறவைக்குக் காட்டோணும், மிச்சப் பால் எங்கை?

— இல்லை.

— முழுக்கக் குடிச்சிட்டியளோ?

— நான் ஒரு கோப்பைதான்.

— சட்டி நிறையக் காய்ச்சினியளே. மற்றது எங்கை? என்னப்பா, ஏன் அழுறியள்?

— காலமை பிள்ளையும் இருமிக்கொண்டு நிண்டவள். பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடேக்கை, சீனி போட்டுக் குடுத்தனான்... போனைத் தாரும், நானே அடிக்கிறன். நீர் பள்ளிக்கூடத்துக்கு ஓடும்!