மெர்ல் போனை வைக்கறதுக்குள்ள

…அதைத்தான் நானும் கேக்கறேன் டாக்டரம்மா. இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருபது கைத்துப்பாக்கி இருக்கு. உங்க கை போயி இது மேலதான் விழணுமா? அதுவும் பழசு. அதுவும் சனிக்கிழமை காலையில, நான் பனியில வண்டியை நிறுத்திட்டு உள்ள வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி.

இல்ல இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல. சும்மாதான் வந்தேன். என் பேரு வெர்னா. ஸ்கூல் பஸ் ஓட்டறேன். உங்களை எனக்குத் தெரியும், மாட்டாஸ்பத்திரிக்குப் புதுசா வந்திருக்கீங்க. ஊர்ல பாதிப் பேரு உங்களைப் பத்திப் பேசறாங்க. மீதிப் பாதிப் பேர்கிட்ட நான் பேசிட்டேன்.

பாரமெல்லாம் எழுதிக் குடுத்தாச்சா? ஓ… சரி. அதான் கடைக்காரன் மெர்ல் போனைக் காதுல வெச்சுக்கிட்டு நிக்கறான். உங்க மேல கேசு கீசு ஒண்ணும் இல்ல, துப்பாக்கி குடுக்கலாம்னு சர்க்கார் ஆபீசுலேருந்து சொல்லணும். சனிக்கிழமைல காக்க வெச்சுருவாங்க. பாட்டு ஓடுது பாருங்க, தலையை ஆட்டறான். ஓடட்டும். நமக்கு நேரம் இருக்கு. மனசை மாத்திக்கறதுக்கு. உங்களுக்குச் சொல்றேன்.

செவ்வாக்கிழமை கிளப்புல சுடற போட்டி, அந்த லீக்குக்குத்தானே வாங்கறீங்க? அதானே பாத்தேன். வீட்டுக் காவலுக்குன்னா யாரும் இவ்வளவு நீளக் குழலை எடுக்க மாட்டாங்க. ரொம்ப நல்ல லீக்கு. மொதல்ல பத்துக் குண்டு, பத்து நிமிஷம், நிதானமா. அப்புறம் அஞ்சஞ்சா, இருபது செகண்டுல. கடைசியா அஞ்சஞ்சா, பத்தே செகண்டுல. எல்லாம் ஒரே கையில. இன்னொரு கையை பாக்கெட்டுல விட்டுக்கலாம், அதுக்குன்னே சில பேரு வர்றாங்க. அந்தக் குளிருக்கு.

இப்ப அதைக் கொஞ்சம் நீட்டிப் பிடிங்க. இருங்க இருங்க, மொதல்ல பின்னாடி இழுத்து உள்ள காலியான்னு பாருங்க. மெர்ல் பாத்தான்னா நீங்க பாக்க வேண்டாம்னு அர்த்தமில்ல. ஆங். இப்ப அந்தச் சுவத்துல மான் தலை இருக்கே, அதுக்குக் கீழ, வெறும் சுவத்தைப் பாத்து நீட்டுங்க. கனமா இல்ல? ரெண்டரை பவுண்டு. முப்பதாவது குண்டுக்குத் தோள் கழண்டுரும். முன்னாடி குறிமுள்ளு கறுப்பு, இலக்கு அட்டையில நடுவட்டமும் கறுப்பு. கறுப்புல கறுப்பை எப்படிப் பாப்பீங்க? விசையும் அப்படித்தான். தொட்டதும் விழுந்துரும். புதுசா சுடறவங்களுக்கு ஆகவே ஆகாது. நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன்.

எது, அந்தச் சின்னதா? ஐயே, அதை ஏன் பாக்கறீங்க. அது பைக்குள்ள வெச்சுக்கறது. குழலு விரல் நீளம்கூட இல்ல, அறுபதடி தள்ளி இருக்கற அட்டையில எங்க படும்னு அதுக்கே தெரியாது. பக்கத்துல இருக்கற பெருசு? அதுக்குக் குண்டு வாங்கியே உங்க சம்பளம் போயிரும், உதைக்கற உதைல மணிக்கட்டும் போயிரும். உங்க கையில இருக்கற மாதிரி சின்னக் குண்டு, இருபத்திரண்டு காலிபர் போதும், உதைக்கவே உதைக்காது. பிளாஸ்டிக்குல வந்திருக்கே, அதுவா? லேசா இருக்கும், ஆனா காத்தடிச்சா ஆடும். கனமா இருந்தாத்தான் கையில அசையாம நிக்கும்…

சே. பாத்தீங்களா? நான் என்ன சொல்ல வந்தேன், என்ன சொல்லிட்டு இருக்கேன்.

மெர்ல், நீ சிரிக்காத. போனைக் கவனி.

சரி டாக்டரம்மா. சொல்லிடறேன். மனசுல வெச்சுக்கறது எனக்குப் பழக்கமில்ல. அது என்னுது. உங்க கையில இருக்கே, அது. புதன்கிழமை வரைக்கும் என்னுது. நாலு வருஷம். அந்த மரக் கைப்பிடியில கட்டைவிரலுக்குன்னு ஒரு மேடை இருக்கு பாருங்க, அதை நானே அரம் போட்டு ராவினது. என் விரலுக்குன்னு கொஞ்சம் கொஞ்சமா ராவி, ராவி… சமையல் மேஜையெல்லாம் மரத்தூளு. வீட்டுக்காரரு ஒரு வாரம் சூப்பைக் கிண்டிக் கிண்டிப் பாத்துட்டுத்தான் குடிச்சாரு.

பின்ன ஏன் வித்தேன்னு கேக்கறீங்க. கேக்கலயா? மூஞ்சியே கேக்குது.

போன செவ்வாக்கிழமை சுடறதுக்கு வரிசையா நின்னோம், நான் ஏழாம் நம்பர் இடத்துல. பக்கத்துல, எட்டாம் நம்பர்ல ஆர்வில். ஆர்விலைத் தெரியுமா? ரிட்டயரான கணக்கு வாத்தியாரு, ஒல்லியா, எப்பவும் யாரோ பென்சிலைத் திருடிட்ட மாதிரி நிப்பாரு. அவரு டீமும் எங்க டீமும்தான் எப்பவும் போட்டி. தோத்த டீம், வருஷக் கடைசி விருந்துல எல்லாருக்கும் மீன் பொரிக்கணும். ஜெயிச்சவங்க உக்காந்துக்கிட்டு, இது கருகிருச்சு, அது வேகலன்னு திருப்பி அனுப்புவாங்க. மூணு வருஷமா நாங்கதான் பொரிக்கறோம். என் கோட்டுல இன்னும் மீன் வாடை, மோந்து பாருங்க. வேணாம், பாக்காதீங்க.

அன்னிக்கு நான் சுட்டேன் பாருங்க, சொர்க்கம். பத்து செகண்டு சுத்து வந்துச்சு. மொத அஞ்சு முடிஞ்சுது. அடுத்த அஞ்சும் முடிஞ்சுது. கையில அப்படியொரு தெளிவு. சுட்டு முடிச்சதும் எனக்கே தெரியும், எல்லாம் நடுவுலதான்னு. போயி அட்டையை எடுத்தா… அஞ்சே ஓட்டை. பத்துக் குண்டு போட்டேன், அட்டையில அஞ்சுதான். மீதி அஞ்சு காகிதத்தைக்கூடத் தொடல. நாப்பத்தாறு மார்க்கு. நூத்துக்கு.

நான் என்ன நெனப்பேன்? குறிமுள்ளு ஆடிருச்சு, குழலு போயிருச்சு, இது என்னை ஏமாத்திருச்சு. ராத்திரி தூங்கல. புதன்கிழமை பஸ்ஸை விட்டதும் நேரா இங்க வந்து, மெர்ல், இதை எடுத்துக்கோ, வேற ஏதாவது குடுன்னேன். மெர்ல் கேட்டான், ரெண்டு நாள் ஆறப் போட்டுப் பாக்கக் கூடாதான்னு. கேட்டியா இல்லையா? கேட்டான். நல்ல மனுஷன். நான்தான், வித்தது வித்ததுதான், என் கண்ணு முன்னாடி வெக்காதன்னு சொன்னேன். பதிலுக்கு, குறி பாக்கச் செவப்புப் புள்ளி தெரியற கண்ணாடி வெச்ச ஒண்ணை வாங்கிட்டுப் போனேன். அந்தப் புள்ளி நிக்கவே மாட்டேங்குது, கண்ணாடிக்குள்ள மாட்டிக்கிட்ட ஈ மாதிரி.

இதுக்கு நடுவுல ஆர்வில் கதையைக் கேளுங்க. அன்னிக்கே அவரு அட்டையில பதினஞ்சு ஓட்டை. பத்துதானே போடணும்? அதிகமா இருந்தா, குறைஞ்ச மார்க்கு பத்தைத்தான் எண்ணுவாங்க, அது எங்க கிளப்பு வழக்கம். மனுஷனுக்கு மார்க்கு விழுந்துபோச்சு. நான் விடுவேனா? ஏங்க வாத்தியாரே, நாப்பது வருஷம் பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தீங்க, பத்தோட நிறுத்தத் தெரியலயான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரு மட்டும் அட்டையை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு.

சிரிக்கறீங்க. உங்களுக்கே தெரிஞ்சுபோச்சு இல்ல? வந்து அரை மணி நேரம் ஆகல, உங்களுக்குத் தெரியுது. எனக்கு வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் தெரியல.

வியாழக்கிழமை ஆர்வில் வந்து என் வீட்டுக் கதவைத் தட்டறாரு. அட்டையை மேஜையில விரிக்கறாரு. அவரோட பத்து ஓட்டையும் தெரு நாய்க்குட்டிங்க மாதிரி ஆளுக்கொரு பக்கம். ஆனா நடுவுல அஞ்சு ஓட்டை, ஒரு சோடா மூடியால மூடிரலாம், அவ்வளவு நெருக்கமா. வெர்னா, நான் பொறந்ததுலேருந்து இப்படிச் சுட்டதில்ல, இது உன்னுதுங்கறாரு.

எப்படித் தெரியுமா? மொத அஞ்சுக்கும் அடுத்த அஞ்சுக்கும் நடுவுல ஒரு நிமிஷம் இருக்கும். அந்த நிமிஷத்துல, என்ன வாத்தியாரே, மீனு பொரிக்க ஏப்ரன் வாங்கிட்டீங்களான்னு அவரு பக்கம் திரும்பிக் கேட்டேன். அவரு குண்டை எண்ணி எண்ணி உள்ள போட்டுக்கிட்டு இருந்தாரு. நான் இன்னொண்ணு கேட்டேன். அதுக்குள்ள, தயாரான்னு சத்தம் வந்துச்சு. திரும்பினவ பாதிதான் திரும்பியிருக்கேன். அவரு அட்டையில போட்டுட்டேன், அஞ்சும்.

துப்பாக்கி மேல ஒரு தப்பும் இல்ல. கனம் சரியான கனம். விசை பட்டு மாதிரி. குறிமுள்ளு கறுப்பாத்தான் இருக்கணும், அதுதான் நல்லது. நான் இவ்வளவு நேரம் சொன்னது பூரா பொய்யி. நீங்க எடுத்தது இந்தப் பெட்டியிலயே நல்ல துப்பாக்கி. போதுமா?

போனை வெச்சுட்டானே. என்ன சொன்னாங்க மெர்ல்? …குடுக்கலாமாம். ஆமா, ஏன் குடுக்கக் கூடாது. நல்லவங்களாத்தான் இருக்கீங்க. கையெழுத்துப் போடுங்க, அந்தக் கோட்டுக்கு மேல. செவ்வாக்கிழமை பாப்போம். நான் ஈயை வெச்சுக்கிட்டுச் சுடறேன்…

டாக்டரம்மா.

பேனாவை எந்தக் கையில பிடிச்சிருக்கீங்க?

இல்ல, ஒண்ணுமில்ல. எழுதுங்க… ஐயோ. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா மூணே வாரத்துல நீங்களே இதை இங்க கொண்டாந்து போட்டுருவீங்க. நான் வாங்கிக்கலாம். ஆனா அந்த மூணு வாரமும் தப்பு உங்க மேலதான்னு நெனச்சுக்கிட்டு இருப்பீங்களே. மாட்டுக்கு ஊசி போடறதும் இடது கையா? அப்ப சுடறதும் அதுலதானே?

கையெழுத்தை நிறுத்துங்க. இடது கையில பிடிங்க. காலியான்னு பாத்துட்டு… ஆங். கட்டைவிரல் எங்க போகுது? எங்கயும் போகல. அந்த மேடை உள்ளங்கையில குத்துது, இல்ல? மொதல்ல நீட்டினப்பவே குத்தியிருக்குமே, பேசற சுவாரஸ்யத்துல எந்தக் கைன்னு நான்தான் கவனிக்கல. பழகிரும்னு நெனச்சீங்களா? பழகாது. அது வலது கைக்காரிக்கு ராவினது. எனக்கு ராவினது. இதுக்கு இடது கைப் பிடி போன வருஷமே வர்றது நின்னுபோச்சு, மெர்லைக் கேளுங்க. இது பொய்யில்ல. முன்னாடி சொன்னது பொய்யி, இது நிஜம். மெர்ல், சொல்லேன்டா. தலையை ஆட்டறான் பாருங்க.

…ஏன் என் பக்கம் தள்ளறீங்க? நான் அதுக்குச் சொல்லல. சரி, அதுக்கும்தான். ஆனா மொதல்ல அதுக்கில்ல.

மெர்ல், என் பேருக்கு இன்னொரு பாரம் எடு. முணுமுணுக்காத, திரும்பப் போன் பண்ணு, அந்தப் பாட்டு உனக்குப் பிடிச்சிருக்குல்ல.

இருங்க டாக்டரம்மா, எங்க போறீங்க? வெறுங்கையோட போகாதீங்க. மேல் தட்டுல அந்த சுழல் துப்பாக்கி, நீளக் குழலு, இருபத்திரண்டுதான். பிடி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, எந்தக் கைக்கும் ஒத்துவரும். எடுத்துப் பாருங்க. நிக்குதா? நிக்குது. அருமை. அதுல ஒரு குறையும் இல்ல. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் இருக்கு. உக்காருங்க, சொல்றேன்.