எட்டு நிமிட வெள்ளை

எனக்குக் கம்பங்கள் பிடிக்காது, ஐயா. மின்கம்பம், வேலிக்கம்பம், எதுவானாலும் சரி. என் புகைப்பட நூல்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: வடக்கு ஜப்பானில் ஹொக்கைடோவின் உறைந்த ஏரிகள், வெறும் வெள்ளை, ஒரு மூலையில் சின்னதாய் ஒரு கரும்புள்ளி. முப்பது வருடமாக என் பாணி அதுதான். படம் எடுக்குமுன் கண்ணை உறுத்துவதை எல்லாம் அப்புறப்படுத்திவிடுவேன்.

மிசாவோ டோக்கியோவில் என் இருட்டறையைப் பார்த்துக்கொண்டவள். பத்தொன்பது வருடம் என் நெகட்டிவ்களை அச்சிட்டாள். குறை சொல்ல மாட்டேன், வேலை சுத்தம். அதற்காக உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்கலாமா? சென்ற இலையுதிர்காலத்தில் தனியாகக் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னாள். என் நெகட்டிவை உள்ளபடியே அச்சிட்டு ஒரு பக்கம் மாட்டுவாளாம், அவள் கைவேலையைப் பக்கத்தில் மாட்டுவாளாம்.

"மாஸ்டர், உங்க நெகட்டிவ்ல இருக்கறது வெறும் சாம்பல் நிறந்தான். அந்த வெள்ளை நான் கொண்டுவந்தது. ஒரு புத்தகத்துலயாவது என் பேரைப் போட்டீங்களா?"

வயிறு எரிந்தது, மறைப்பானேன். அந்தக் கண்காட்சி நடந்தால் முப்பது வருடப் பெயர் ஒரே நாளில் மண்ணாகிவிடும். ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. அடுத்த படத்தில் கரும்புள்ளியாக நீயே நில், கீழே உன் பெயரைப் போடுகிறேன் என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிப்ரவரியில் ஹொக்கைடோவுக்கு வந்தாள். என் ஏரியை அதுவரை இருட்டறையில் மட்டுமே பார்த்தவள். படத்துக்கென்றே புதிதாகக் கறுப்புக் கோட்டு வாங்கியிருந்தாள். எடுப்பாக இருக்கிறது என்று பாராட்டினேன்.

அந்த ஏரிக்கு அடியில் அங்கங்கே வெந்நீர் ஊற்று உண்டு. அதற்கு மேலே பனிக்கட்டி முட்டை ஓடு மாதிரி மெல்லிசாகத்தான் இருக்கும். மீன் பிடிப்பவர்கள் அங்கெல்லாம் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கம்பங்களை நட்டு வைப்பார்கள். விடிந்ததும் போய் அங்கே இருந்த ஆறு கம்பங்களையும் பிடுங்கி என் வண்டியில் போட்டேன். நீங்கள் கண்டெடுத்தவை அவைதான். கம்பங்கள் பிடிக்காது என்று முதலிலேயே சொன்னேன்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போ என்று கை காட்டினேன். இன்னும் கொஞ்சம். போனாள். லென்ஸின் முன் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியைப் பொருத்தி ஷட்டரைத் திறந்தேன். எட்டு நிமிடம் திறந்திருக்க வேண்டும். அதுவரை நிற்பவர் ஆடக் கூடாது.

"மாஸ்டர், காலுக்குக் கீழ ஏதோ சத்தம் கேக்குது."

"அசையாத, மிசாவோ. ஷட்டர் தொறந்திருக்கு."

என் சொல்லைத் தட்டி அறியாதவள், நின்றாள். ஒரு நிமிடம் ஆகுமுன் பனிக்கட்டி உடைந்தது. வண்டியில் நீளக் கயிறு இருந்தது, ஆறு மூங்கில்களும் இருந்தன. ஆனால் பாதியில் கேமராவை விட்டுப் போனால் படம் கெட்டுவிடும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்னை நான்கு முறை கூப்பிட்டாள்.

அந்தப் படத்தை நானே ஐந்து தடவை அச்சிட்டுப் பார்த்தேன். சாம்பலாகத்தான் வருகிறது. அச்சிடும் மருந்து பழசாகியிருக்கும்.

அதிலுள்ள கரும்புள்ளி மிசாவோவா என்று கேட்டீர்கள். இல்லை, அது தண்ணீர். இவ்வளவு நேரம் ஷட்டர் திறந்திருந்தால் நிற்பதுதான் படத்தில் பதியும், அசைவது பதியாது. அதனால்தான் அசையாதே என்று அவளிடம் முன்கூட்டியே சொன்னேன். எட்டு நிமிடமும் நான் அசையவில்லை, ஐயா. அசைந்தது அவள்தான்.