உடைந்த கண்ணாடியில் இருந்த இரத்தம்

— ரிசீவரை வாய்க்குப் பக்கத்துல வெச்சுப் பேசும்மா. கண்ணாடி வழியா நீ வாயசைக்கிறது தெரியுது, சத்தம் வரல.

— இப்பக் கேக்குதா?

— கேக்குது.

— நாளைக்குக் காலைல ஜட்ஜ் முன்னாடி குத்தத்தை ஒத்துக்கோடா ரெய்னோன்னு சொன்னேன்.

— முதல் தடவையே கேட்டுச்சும்மா. இன்னொரு தடவை சொல்றியான்னு பாத்தேன்.

— உனக்கு எப்பவும் இந்தக் குதர்க்கம்தான். சரி விடு. ஒத்துக்கிட்டா பன்னண்டு வருஷம். ஒத்துக்காம கேஸ் நடத்தித் தோத்தா, சாகற வரைக்கும் உள்ளேதான். வக்கீலம்மா உன்கிட்டயும் சொன்னாங்கல்ல?

— சொன்னாங்க. ஒழுங்கா இருந்தா பத்து வருஷத்துலயே விட்டுடுவாங்களாம். வெளிய வரும்போது எனக்கு நாப்பத்தஞ்சு.

— அது ஒரு வயசா? அந்த வயசுலதான் உங்க அப்பா வீடு கட்டினார்.

— அப்பா ஒரு கிழவரைக் கொன்ன பழியைச் சுமந்துக்கிட்டுக் கட்டலையே.

— பழின்னு சொல்லாதே. நெல்ஸ் பெரியவர் வீட்டுப் பின்கதவுல உடைஞ்ச கண்ணாடி, அதுல இருந்தது உன் ரத்தம். லாப்ல பாத்துச் சொல்லியிருக்காங்க. பார்ல அடிதடி பண்ணி மாட்டின அன்னைக்கு உன் வாயில பஞ்சு விட்டு எச்சில் எடுத்தாங்களே, அதோட அப்படியே பொருந்துது.

— ஆமா. எத்தனையோ கோடிப் பேர்ல ஒருத்தனுக்குத்தான் அப்படிப் பொருந்துமாம். வக்கீலம்மா அந்தத் தாளை என் முன்னாடி வெச்சுட்டு, நீங்க இரட்டைப் பிள்ளையில ஒருத்தரான்னு கேட்டாங்க.

— நீ என்ன சொன்னே?

— இல்ல, நாலு வயசு சின்னவன் ஒரு தம்பி இருக்கான்னேன். தம்பியால பிரயோஜனம் இல்ல, கூடப் பிறந்தவங்கன்னாலும் டிஎன்ஏ வேற வேறயாத்தான் இருக்கும்னாங்க.

— வேற என்ன கேட்டாங்க?

— வேற ஒண்ணும் கேக்கல. அவங்க கேக்கல, நானும் சொல்லல.

— சொல்றதுக்கு என்ன இருக்கு?

— அதானே.

— உனக்குப் பேஸ்டி சுட்டு எடுத்துட்டு வந்தேன். மாவுக்குள்ள கறியும் நிறைய உருளைக்கிழங்கும் வெச்சு, உனக்குப் பிடிச்ச மாதிரி. வாசல்லயே நிறுத்திட்டாங்க.

— வாசல்ல நிக்கறவர் இந்நேரம் பாதி தின்னிருப்பார். கொடுத்து வெச்சவர். கூரையில ஏறின பனியை யார் தள்றாங்க?

— பக்கத்து வீட்டு பெர்ட்டி வந்து தள்ளினான். உன் தம்பி ஆர்வோவை நான் ஏற விடல. இருமறான். மூக்குல சளி வந்தாலே அவனுக்கு ஆஸ்பத்திரிதான்.

— இங்க வர அவன் மாட்டேங்கறானா, நீ விடமாட்டேங்கறியா?

— ஏரிப் பக்கம் ரோடே தெரியலடா. அந்தப் பனியில அவனை எப்படிக் கூட்டிட்டு வருவேன்?

— கை ஆறிடுச்சா?

— எந்தக் கை?

— வலது கை. தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்னைக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தானே. சுட்ட வான்கோழியை நான்தானே துண்டு போட்டேன்.

— அதுவா. மீன் சுத்தம் பண்ணும்போது கிழிச்சுக்கிட்டான். எப்பவோ ஆறிடுச்சு.

— விறகு வெட்டும்போதுன்னு என்கிட்ட சொன்னான்.

— விறகுதான். எனக்கு இருக்கிற கவலையில மீன் எது, விறகு எது. சரி விடு.

— அன்னைக்குப் பெக்கான் பருப்பு வெச்சு இனிப்பு செஞ்சே. நானும் அவனும் தொடவே இல்ல.

— உங்க ரெண்டு பேருக்கும்தான் முந்திரி, பாதாம் மாதிரிப் பருப்பு எதுவும் ஆகாதே. தொண்டை வீங்கிடும்.

— எனக்குப் பிறந்ததுலேர்ந்தே ஆகாது. அவன் பதினஞ்சு வயசு வரைக்கும் அள்ளி அள்ளித் தின்னவன்.

— அதை எதுக்குடா இப்ப இழுக்கறே?

— சும்மாதான். இங்க உக்காந்தா பழசெல்லாம் வருது.

— பழசை விட்டுட்டு நாளைக்கு நடக்கப்போறதைப் பாரு. அன்னைக்கு நீ எங்க இருந்தேன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் இல்ல.

— மான் வேட்டை சீசன்ல எவன் ஊர்ல இருப்பான்? அப்பாவோட காட்டுக் குடிசையில இருந்தேன். சாவுனா அறையைச் சூடு பண்ணி வேர்க்க வேர்க்க உக்காந்தேன், பனியில புரண்டேன், படுத்தேன். என்னைப் பாத்தது ஒரே ஒரு மான். அதை மறுநாள் நானே சுட்டுட்டேன்.

— ஜூரியில இருக்கிறவங்க முன்னாடி இப்படித்தான் பேசப் போறியா? அவங்க மெஷினைத்தான் நம்புவாங்க. மெஷின் பொய் சொல்லாது.

— மெஷின் பொய் சொல்லுதுன்னு நான் சொல்லலையே. அந்த ரத்தம் என்னோடதுதான். அந்த வீட்டுக்கு நான் போகலேன்னுதான் சொல்றேன்.

— ரெண்டும் எப்படிடா நிஜமா இருக்க முடியும்?

— நீதான் சொல்லேன்.

— மளிகைக் கடைக் கல்லாவுல நிக்கிறவ நான். எனக்கு என்ன தெரியும்? பாருடா, யாரும் கொல்லணும்னு போகல. மாத்திரைக்குப் போன இடத்துல பெரியவர் எழுந்து வந்துட்டார், ஒரு தள்ளு, அடுப்பு மேல விழுந்துட்டார். அவ்வளவுதான் நடந்தது.

— பக்கத்துல நின்னு பாத்த மாதிரி சொல்றே.

— பேப்பர்ல போட்டிருந்தான்.

— பேப்பர்ல மாத்திரை காணோம்னு போட்டிருந்தான். தள்ளினதைப் போடல.

— நானா நினைச்சுக்கிட்டேன்.

— நான் தலைவலிக்குக்கூட மாத்திரை போடறதில்ல. நம்ம வீட்ல வலி மாத்திரை இல்லாம தூங்க முடியாதவன் யாரு?

— ரெய்னோ, வேண்டாம். நேரம் முடியப் போகுது. ஒத்துக்கறியா இல்லையா, அதைச் சொல்லு.

— சொல்றேன். அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு சொல்லணும். தரையைப் பாக்காதே, என்னைப் பாரு. நெல்ஸ் வீட்டுக்குள்ள நான் போனேனா?

— அதுதான் லாப்ல...

— லாப் சொன்னதை வக்கீலம்மா சொல்லிட்டாங்க. நீ சொல்லு. நீ யாரை நம்பறே?

— என்னை ஏன்டா இப்படி வதைக்கறே?

— ஒரே வார்த்தைதானேம்மா. போனேனா?

— போனே.

— யோசிச்சுச் சொல்லு.

— போனே. நீதான் போனே. நான் நம்பறேன். போதுமா?

— போதும்.

— அழறியா?

— இல்ல. இப்ப நான் பேசறேன், குறுக்கே வராதே. அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. ஆர்வோ ரத்தப் புற்றுநோயில கிடந்தான். என் இடுப்பெலும்புலேர்ந்து மஜ்ஜை எடுத்து அவனுக்கு ஏத்தினாங்க. டாக்டர் நம்ம மூணு பேரையும் உக்கார வெச்சு, இனிமே இவன் உடம்புல ஊறப்போறதெல்லாம் அண்ணன் ரத்தம், ரத்தத்தை மட்டும் சோதிச்சா அண்ணன் பேர்தான் வரும்னார். அண்ணனுக்கு ஆகாதது இவனுக்கும் ஆகாமப் போகலாம்னார். அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பருப்பு தின்னு அவனுக்குத் தொண்டை வீங்கினப்போ, டாக்டர் சொன்னது பலிச்சுடுச்சுன்னு நீதான் சிரிச்சே.

— மெதுவாடா! இந்த ஃபோன்ல பேசறதெல்லாம் பதிவாகும். உன் பின்னாடி சுவத்துல எழுதிப் போட்டிருக்கு பாரு.

— உன் பின்னாடியும் போட்டிருக்கு. ரெண்டு மாசமா அந்தப் பலகையைத்தான் படிச்சுக்கிட்டிருக்கேன்.

— அப்போ... உனக்கு எப்பத் தெரியும்?

— வக்கீலம்மா தாளை வெச்ச அன்னைக்கே. தம்பி டிஎன்ஏ வேறன்னு அவங்க சொன்னது சரிதான். அவன் கன்னத்துல பஞ்சு விட்டு எடுத்தா வேறதான் வரும். கையை அறுத்தா நான் வருவேன்.

— தெரிஞ்சுமா வாயைத் திறக்காம இருந்தே?

— நீ திறப்பேன்னு இருந்தேன். வாராவாரம் வந்தே. பனியைப் பத்திப் பேசினே, பேஸ்டியைப் பத்திப் பேசினே.

— அவன் இங்க ஒரு குளிர்காலம் தாங்க மாட்டான்டா. நீ தாங்குவே. சின்னதுலேர்ந்தே நீ எதையும் தாங்குவே.

— அதைச் சொல்லியிருக்கலாமே. தப்பு பண்ணினது ஆர்வோ, அவனுக்குப் பதிலா நீ போடா ரெய்னோன்னு.

— எந்த அம்மாடா பெத்த பிள்ளைகிட்ட அப்படிக் கேப்பா?

— ஆஸ்பத்திரி வராந்தாவுல என் கையைப் பிடிச்சுக்கிட்டு நேராக் கேட்டே, எலும்பைத் துளைச்சுக் குடுத்தேன். இதையும் நேராக் கேட்டிருந்தா குடுத்திருப்பேம்மா.