எடித்தின் சுடாத பாதம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அருட்தந்தை அவர்களே, கொழும்பிலிருந்து எங்கள் பள்ளிமுனையைத் தேடி வந்த சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் மங்கையற்கரசி அவர்களே, ஊர்ப் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் உறங்கவைத்துவிட்டு எனக்காக விழித்திருக்கும் தாய்மாரே, உங்கள் அனைவருக்கும் இந்தப் பெனடிக்ற் தலைதாழ்த்துகிறேன்!

என் தங்கை எடித்தை அறியாதார் இங்கு யார்? கருவாட்டு வாடியில் அவள் குரல் கேட்காத நாள் ஏது? அந்த எடித், மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்து, ஆவணித் திருநாளுக்கு மடுக் கோயில்வரை வெறுங்காலோடு நடந்தாள். தார் வீதி கொதித்தது. கூட வந்தவர்கள் குதித்தார்கள். அவளுடைய இடது பாதமோ சுடவேயில்லை! “மாதா பிள்ளையின்ர காலைத் தாங்கிறா” என்றோம். தொட்டு முத்தமிட்டோம். என்ன றோசம்மா அக்கா, தலையைக் குனியிறியள்? ஊரே முத்தமிட்டது, நிமிருங்கோ!

சுடாத காலைக் கும்பிட்ட கூட்டம், இழுபட்ட வலது காலைக் கண்டதா? களைப்பு என்றோம். கண்ணூறு, நாவூறு என்றோம். வாதமென்று எண்ணெய் பூசினோம். கடைசியில் சுவரைப் பிடித்து நின்றபடி கேட்டாள்: “அண்ணை, நான் இனிப் படுத்த கிடைதானோ?” அவளைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன்.

ஸ்கான் படத்தைப் பார்த்து உண்மையைச் சொன்னவர் இந்த டொக்டர். முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புக் கயிறான முண்ணாணுக்கு ஓர் உறை உண்டு. அதன் முன்பக்கத்தில் ஒரு கிழிசல். சிலருக்கு அடிபட்டு வருமாம். சிலருக்கு ஏன் வந்ததென்றே தெரியாதாம். அதற்குள் முண்ணாண் பிதுங்கி, வலைக்கண்ணில் மாட்டிய மீனாய் இறுகிவிட்டது. சூட்டை உணர்த்தும் நரம்பு முண்ணாணுக்குள் பக்கம் மாறி ஓடுமாம். அதனால்தான் ஒரு கால் பலம் இழந்தது, மறு கால் சூடு மறந்தது!

மாட்டிய மீனை வெடுக்கென்று இழுத்தால் என்னாகும்? ஓம், கிழியும்! டொக்டர் இழுக்கவில்லை. முதுகுப்பக்க எலும்பைத் திறந்து, நுணுக்குக்காட்டியின் கீழ் மெல்ல மெல்ல விடுவித்து, முண்ணாணை உள்ளே இருத்தி, கிழிசலுக்கு ஒட்டுப் போட்டார். “கால் திரும்புமோ டொக்டர்?” என்றேன். “சொல்லேலாது, பொறுத்துப் பாப்பம்” என்றார்.

பொறுத்தோம். முதலில் வலது கால் அசைந்தது. பிறகொரு நாள், தாதி வெந்நீரில் நனைத்த துணியை இடது பாதத்தில் வைத்தார். என் தங்கை கத்தினாள்: “ஐயோ, சுடுகுது!” சுடுகுது என்றாள், சபையோரே! அந்த ஒரு சொல்லுக்காக ஆஸ்பத்திரி விறாந்தையிலே அழுதேன், சிரித்தேன், மாதாவே என்றேன்!

மாதாவின் அருள் மரத்த காலிலா இருந்தது? மருத்துவர் கையில் இருந்தது! உங்கள் வீட்டில் ஒரு கால் சுடவில்லையா? முத்தமிடாதீர்கள், வைத்தியரிடம் ஓடுங்கள்!

டொக்டர் அம்மாவுக்கும் பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் என் நன்றியும் வணக்கமும். மாலை போட எடித் வருகிறாள். ஒருவரும் கை கொடுக்காதேங்கோ. படியை அவளே ஏறட்டும்!