எட்டு மூட்டை மரத்தூள்

இன்ஸ்பெக்டர் ஐயா, ரிங்லெட் டவுனில் காய்கறிப் பெட்டி அடிக்கும் பட்டறையில் மரத்தூள் சும்மா கிடைக்கும். சாக்கு மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும்.

சலீம் பாய் சாப்பாட்டுக் கடையில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி, எங்கள் தேயிலைத் தோட்டத்து லோரிகளுக்கு டீசலாக மாற்றுவது என் வேலை. மாற்றும்போது டீசலில் சோப்பும் உண்டாகித் தங்கிவிடும். அதை முன்பு தண்ணீர் ஊற்றி அலசினேன். வெள்ளையாக நுரைத்த அந்தத் தண்ணீர் ஓடையில் இறங்கியது. தொழிலாளர் லயத்து ருக்குமணி அக்கா என் பட்டறைக்கே வந்துவிட்டார்.

“தம்பி, ஒன் புண்ணியத்துல அரிசி கழுவுற தண்ணியிலயே துணியும் தொவைச்சுக்கிறோம் லா.”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. உயரமான டிரம்மில் மரத்தூளை நிரப்பி, டீசலை மேலிருந்து வடியவிட்டேன். சோப்பைத் தூளே பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் தேவைப்படவில்லை. தோட்டத்துத் துரை வந்து கை குலுக்கினார்.

ஊறிய தூளுக்கு ஒரு குணம் உண்டு. பரப்பி உலர்த்த வேண்டும். இறுக்கி மூட்டை கட்டினால் உள்ளுக்குள் தானாகச் சூடேறும். மார்ச் மாதம் ஒரு மூட்டை அப்படிப் புகைந்தது. நோட்டில் குறித்தேன்: கட்டியது காலை எட்டு, புகைந்தது பிற்பகல் இரண்டு. வேறு யாரிடமும் சொல்லவில்லை.

இனி புவனேஸ். என் மனைவி குமுதாவின் தம்பி, என்னோடு வேலை செய்தவன், முப்பத்தெட்டு வயது. எண்ணெய் டிரம்மின் அடியில் கோழித்தோலும் மீன்முள்ளும் கறுத்த சேறாகப் படிந்திருக்கும். அவன் முழங்கை வரை விட்டுத் துழாவுவான். அகப்பட்டதை வாயில் போட்டு, “உப்பு கரெக்டா இருக்கு லா மச்சான்” என்பான். அதே விரல்தான் எங்கள் சாம்பாரிலும். இருவருக்கும் குமுதா ஒரே கேரியரில்தான் சோறு கட்டுவாள். தனியாகக் கட்டச் சொன்னேன்.

“ஏங்க, என் தம்பி எச்சி ஒங்களுக்கு ஆகாதா?” என்று அழுதாள்.

அவளுக்காக எட்டு மாதம் விழுங்கினேன். ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் மென்று துப்பிய எலும்பு என் தட்டோரத்தில் கிடந்தது, ஈரமாக.

“மூஞ்சி ஏன் அப்படிப் போவுது மச்சான்? ஒங்களுக்கில்ல, பூனைக்கு.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு எட்டு மூட்டை கட்டினேன். சாப்பாட்டுக்குப் பிறகு அவன் ஸ்டோர் அறையில் ஒரு தூக்கம் போடுவான். ஜன்னல் கிடையாது, கதவு வெளிப்பக்கம் திறக்கும். அவன் குறட்டை கேட்டதும் மூட்டைகளை வெளியே கதவை ஒட்டி அடுக்கினேன். அன்று தூறல், முற்றத்தில் வைத்தால் நனைந்துவிடும். தூக்கும்போதே நெஞ்சில் கதகதவென்று இருந்தது.

நான் தீ வைத்து அவனைக் கொன்றதாக உங்கள் அறிக்கை சொல்கிறது. அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன். நான் தீக்குச்சி உரசவில்லை.

இரண்டேகாலுக்குப் புகை வந்தது. பிறகு மூட்டைகள் பற்றிக்கொண்டன. “மச்சான், கதவு… மச்சான்” என்று உள்ளிருந்து தட்டினான். நான் குழாயடியில்தான் நின்றேன், பத்தடி தூரம். கதவோரத்து மூட்டைகளை இழுத்துப் போட்டிருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போதுதான் சோப்புப் போட்டுக் கை கழுவி முடித்திருந்தேன். மறுபடி அந்த அழுக்கைத் தொட மனம் வரவில்லை, ஐயா.