வாரைத் தொய்ய விட்டது

எனக்குத் தாடி ஒழுங்காக வளராது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு முடி, அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் சவரக்கத்தி தீட்டுவதில் கெட்டிக்காரன் ஆனேன் என்றால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். இத்தனை சிரமப்பட்டுப் படித்த வேலையை யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு மனசு ஆற மாட்டேன் என்கிறது.

கத்தி என் மாமனாருடையது. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மழையோ வெயிலோ, காலையில் மடக்குக் கத்தியைத் தோல் வாரில் தீட்டி, தாடையில் ஒரு முள் இல்லாமல் வழித்துவிட்டுத்தான் வெளியே தலைகாட்டுவார். நான் குழாய்க் கடையில் விற்பனையாள். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகியது. வந்து மாற்றிக் கொடுத்தவர் அவர்.

"குழாய் விக்கத் தெரியுது, மாட்டத் தெரியலையே மாப்பிள்ளை" என்று சிரித்தார்.

கேலிதான். மனுஷனுக்குக் கெட்ட மனசு கிடையாது. ஆனால் என் மனைவியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அது எனக்குச் சுருக்கென்றது. அதற்கப்புறம் பல்பு எரியாவிட்டாலும், பையன் பாடத்தில் கோட்டை விட்டாலும் "எங்கப்பாவா இருந்தா" என்று ஆரம்பித்துவிடுவாள். நான் அசடு வழிந்துகொண்டு நிற்பேன். அந்த வேலையை மட்டும் யாரும் எனக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவருக்கு வாதம் வந்தது. வலப்பக்கமும் பேச்சும் ஒரே நாளில் போயின. எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து, பின்னறையில் கட்டில் போட்டோம். பிளாஸ்டிக் ரேசரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவரு கத்தியிலேயே நான் ஷேவ் பண்ணிவிடறேங்க. தீட்டித் தர்றது மட்டும் உங்க பொறுப்பு" என்றாள் மனைவி.

கட்டிலுக்கு எதிரே ஜன்னல் கம்பியில் வாரை மாட்டினேன். போனில் நாலு வீடியோ பார்த்தேன். கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், கூர் பின்னால் வர வேண்டும். வார் விறைப்பாக இருக்க வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்ப வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு சுலபம். முதல் நாள் வாரை வெட்டினேன், அடுத்த நாள் கட்டைவிரலை. கூர் பார்க்கிறேன் என்று முன்கையைச் சுரண்டிச் சுரண்டி முடியே இல்லாமல் போய், கடைக்கு முழுக்கைச் சட்டையில் போனேன். மாமா படுத்தபடியே என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு இருந்திருந்தால் என்னென்ன சொல்லியிருப்பார் என்று எனக்கே காதில் விழுந்தது.

அந்த மொட்டைக் கத்தியோடுதான் மனைவி தினமும் உட்கார்ந்தாள். அது வெட்டவில்லை, பிடுங்கியது. அவர் கண்ணில் தண்ணீர் வரும், கன்னம் சிவந்துபோகும்.

"என் கைதான் சரியில்லை போலிருக்கு" என்றாள் ஒருநாள்.

கத்தியைத் தீட்டியவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். என் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பழகப் பழக வந்துடும்" என்றேன். ஆறுதலாகத்தானே சொன்னேன்?

மெல்ல மெல்ல எனக்குக் கை வந்தது. வாரில் போய்வரும் சத்தமே மாறிப்போனது. அந்தச் சமயம் பார்த்து அவளுக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை நானே மாமாவுக்கு வழித்துவிட்டேன். வெண்ணெயில் போவது போலப் போயிற்று கத்தி. மாமா கண்ணை மூடிக்கொண்டார். போர்வையைச் சுற்றிக்கொண்டு கதவோரம் நின்ற மனைவி சொன்னாள்:

"உங்க கைக்குத்தான் அப்பா அடங்குறாரு. எனக்கு இது வராதுங்க."

பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில், அவள் அப்பாவையும் என்னையும் பக்கத்தில் வைத்துப் பேசி நான் ஜெயித்தது அன்றுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளருக்குக் குளியலறைக் குழாய்க்குப் பதில் தோட்டத்துக் குழாயைக் கொடுத்தனுப்பினேன்.

திங்கட்கிழமை அவள் எழுந்து கத்தி கேட்டாள். நான் வாரைக் கொஞ்சம் தொய்ய விட்டுத் தீட்டினேன்.

இது அப்படியொன்றும் லேசான காரியம் இல்லை. மொட்டையாக்குவது எந்த முட்டாளுக்கும் வரும், நானே சாட்சி. ரத்தம் வராமல், பார்த்தால் தெரியாமல், பிடுங்க மட்டும் செய்கிற அளவுக்கு மழுக்க வேண்டும். வார் ஒரு விரல் தொய்ய வேண்டும், இழுப்பின் முடிவில் முதுகு ஒரு நூல் எழும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் வழித்துவிடுவது என்று ஆகியிருந்தது; என் முறை வரும்போது வாரின் தீட்டுப்பசை பூசிய பக்கத்தில் தேய்த்து, கூரைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவேன். ஒரே கத்தி, ஒரே சோப்பு. ஆறு நாள் மகள் கையில் அழுவார், ஏழாம் நாள் என் கையில் தூங்குவார்.

மாமாவுக்குத் தெரியும். ஆயுசு முழுக்க அதே வாரில் தீட்டியவருக்குத் தெரியாதா? நான் வாரைத் தொய்ய விட்டதும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும்.

"என்னப்பா வேணும்?" என்று ஓடிவருவாள்.

"தண்ணி கேக்கிறாரு" என்பேன் நான்.

பேச்சு இல்லாதவர் வீட்டில் யாராவது மொழிபெயர்ப்பாளர் வேண்டுமே. பாவம், தண்ணீரைக் குடித்துக் குடித்து அலுத்துப்போனார். இடக்கையில் கொஞ்சம் பலம் வந்ததும், கத்தியோடு கிட்டே வரும் அவள் கையைத் தள்ள ஆரம்பித்தார். அவர் தள்ளியது கத்தியை. அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள்.

"அப்பாவுக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுச்சுங்க. நான் உள்ள போனாலே முகம் மாறுது."

"நோயாளிதானே, மனசுல வெச்சுக்காத. நான் பாத்துக்கறேன்" என்றேன். தலையைத் தடவிக்கொடுத்தேன். அப்போது அவள் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் பொங்கியது தெரியுமா? அதில் பொய் இல்லை.

முதலில் சவரத்தை விட்டாள். பிறகு சோறு ஊட்டுவதும் என் தலையில் விழுந்தது. கடைசியில் வாசற்படியில் நின்று "அப்பா எப்படி இருக்காரு?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போகும் அளவுக்கு வந்தாள். மாமா கதவையே பார்த்துக்கொண்டு கிடப்பார். அவள் வராததால் இனி மழுக்க வேண்டிய அவசியம் இல்லை. தினமும் நல்ல கூர்தான். இதில் மாமாவுக்கு லாபம்தான் என்று கணக்குப் போட்டேன்.

போன மாதம் ஒரு காலை. நுரை போட்டு, கத்தியைத் தாடைக்குக் கீழே கொண்டுபோயிருந்தேன். "பாப்பா" என்றார்.

அவளை அவர் கூப்பிடுவது அப்படித்தான். எட்டு மாதத்தில் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. அடுப்படியில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் நிறுத்திவிட்டு ஓடி வந்திருப்பாள். மறுபடியும் "பாப்பா" என்றார், இந்த முறை இன்னும் தெளிவாக.

"பேசாதீங்க மாமா. கத்தி கழுத்துல இருக்கு" என்றேன்.

அவர் பேசவில்லை. நான் மிச்சத்தையும் நிதானமாக வழித்து, துடைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். ஒரு கீறல் கூட இல்லை, அதை யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். மத்தியானம் இரண்டாவது தடவையாக வாதம் அடித்தது. அன்றைக்கே போய்விட்டார்.

எல்லோரும் கலைந்து போன பிறகு மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"கடைசியா ஏதாவது சொன்னாராங்க?"

"சொன்னாரு. மாப்பிள்ளைன்னாரு."

அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் சொன்னது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பார்.